பதிவு பெற்ற ரியல் எஸ்டேட் முகவர்

பதிவு பெற்ற ரியல் எஸ்டேட் முகவர் என்பவர், மனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, கட்டடம் ஆகியவற்றை விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து வைத்துத் தரகுப் பணம் பெறுவதற்காக, அரசின் ஒழுங்குமுறை ஆணையத்தில் தம்மைப் பதிவு செய்துகொண்டவர் ஆவார். இந்தியாவில் இந்தப் பதிவை 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'ரெரா' என்று அழைக்கிறார்கள். முகவர் பதிவு பேச்சுவழக்கில் 'ரெரா லைசென்ஸ்' ஆகிவிட்டது.

லைசென்ஸ் என்ற அந்தச் சொல் சற்றே தவறான எண்ணத்தைத் தருவது. ஓட்டுநர் உரிமம் பெற வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். மருத்துவம் பார்க்கப் படித்துத் தேற வேண்டும். ரெரா பதிவுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. இவருக்குப் பத்திரம் படிக்கத் தெரியும் என்று அந்தப் பதிவு சொல்வதில்லை. இவர் யார், எங்கே இருக்கிறார், சிக்கல் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. இந்த வேறுபாடு புரிந்தால், இத்தொழிலுக்கு வர நினைப்பவர் எதைக் கற்க வேண்டும், மனை வாங்குபவர் எதை நம்பக் கூடாது என்ற இரண்டும் விளங்கும்.

தரகர் முதல் முகவர் வரை

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குத் தரகு என்பதே பழைய பெயர். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவரும் தரகர்தான். வரன் பார்த்துக் கொடுத்தவரும் தரகர்தான். நிலம் முடித்துக் கொடுத்தவருக்கும் அதே பெயர். தேநீர்க் கடை பெஞ்சும் சார்பதிவாளர் அலுவலக வாசலும் இவர்களின் அலுவலகமாக இருந்தன. பெரும்பாலோருக்கு இது முழுநேரத் தொழில் அல்ல. பத்திர எழுத்தர், ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர், மளிகைக் கடைக்காரர், காப்பீட்டு முகவர் எனப் பலரும் வேறு வேலைக்கு நடுவே இதையும் பார்த்தார்கள். ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த வரையில், தரகரின் பெயர் கெடாமல் இருப்பதே வாங்குபவருக்கான பாதுகாப்பாக இருந்தது.

மனைப்பிரிவுகள் பெருகியபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 1990களுக்குப் பிறகு நகரங்களைச் சுற்றியிருந்த வயல்கள் வண்ணக் கொடி நட்ட மனைகளாயின. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து அழைத்துப்போய், மதிய உணவு கொடுத்து, மனையைக் காட்டினார்கள். முன்பதிவு செய்தால் தங்கக் காசு என்றார்கள். விற்றவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியாது, வாங்கியவர் எந்த ஊரென்று விற்றவருக்கும் தெரியாது. நடுவில் நின்ற தரகரின் கைபேசி எண் ஒன்றுதான் இருவருக்கும் தொடர்பு.

அந்த மனைகளில் பல 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் விற்கப்பட்டவை. சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் ஒப்புதல் தந்தால்தான் ஒரு மனைப்பிரிவு முறையானது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது போதாது. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகம் போனவர்களுக்குத்தான் தாங்கள் வாங்கியது என்னவென்று புரிந்தது. மகள் திருமணத்துக்காக மனையை விற்கலாம் என்றிருந்தவரால் விற்க முடியவில்லை. வீடு கட்ட நினைத்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் வகுத்த பிறகே பலருக்கு வழி பிறந்தது. அந்தக் கட்டணமும் வாங்கியவர் தலையில்தான் விழுந்தது.

அத்தனை பேருக்கும் அந்த மனையைக் காட்டிய தரகர் ஒருவர் இருந்தார். ஆனால் கிரையப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், சாட்சிகள், எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும், தரகரின் பெயர் இருக்காது. சட்டத்தின் கண்ணில் அவர் அந்த விற்பனையில் இல்லவே இல்லை. ரெரா சட்டம் மாற்ற முயன்றது இந்த நிலையைத்தான். முகவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அவருடைய பதிவு எண் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது சட்டத்தின் 9ஆம் பிரிவு.

எதற்குப் பதிவு வேண்டும்

சட்டத்துக்கு 2016 மார்ச் 25 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதன் முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டு விதிகள் 2017 ஜூன் 22 அன்று வெளியாயின. தமிழ்நாட்டு ஆணையம் சென்னையில் இருந்துகொண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் சேர்த்தே கவனிக்கிறது.

முகவர் யார் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது. பேரம் பேசி முடிப்பவர் மட்டும் முகவர் அல்லர். வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்து வைத்துக் கூலியோ கட்டணமோ பெறுபவரும் முகவரே. புரோக்கர், இடைத்தரகர், ஆலோசகர் என்று எந்தப் பெயரில் அழைத்துக்கொண்டாலும் வேறுபாடில்லை. மனை விற்பனை நிறுவனங்களில் 'மார்க்கெட்டிங் மேனேஜர்' என்று அட்டை அடித்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் விற்ற மனைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் இந்த விளக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. வாட்ஸப்பில் மனைப் படத்தை அனுப்பி, ஆள் சேர்த்துவிட்டுப் பங்கு வாங்குபவருக்கும் இது பொருந்தும்.

விளக்கம் அகலமாக இருந்தாலும் கட்டாயம் குறுகியது. ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் விற்பனை செய்து தருபவருக்குத்தான் முகவர் பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அமையும் திட்டத்துக்கோ, எட்டுக்கு மேற்படாத குடியிருப்புகள் கொண்ட கட்டடத்துக்கோ திட்டப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 12 சென்ட், அதாவது இரண்டு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். மயிலாப்பூரில் ஒருவர் தம் பாட்டனார் கட்டிய பழைய வீட்டை விற்கிறார், திருவாரூரில் ஒருவர் மூன்று மா நன்செயை விற்கிறார், மதுரையில் ஒருவர் மாடியை வாடகைக்கு விடுகிறார் என்றால், இந்த மூன்றிலும் நடுவில் நிற்பவருக்கு ரெரா பதிவு கேட்கப்படுவதில்லை. அன்றாடம் நடக்கும் தரகுத் தொழிலின் பெரும்பகுதி இந்த மூன்று வகைக்குள்தான் வருகிறது. சட்டம் தொடாத அந்தப் பரப்பில் பழைய தரகரே இன்றும் இருக்கிறார்.

பதிவு செய்யும் முறை

பதிவு முறையில் சிக்கல் அதிகம் இல்லை. குறிப்பிட்ட கல்வித் தகுதி எதையும் சட்டம் கேட்பதில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிகள் தேர்வும் வைக்கவில்லை. தனிநபராகவும் பதியலாம், கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ பதியலாம். கட்டணம் இரு வகையினருக்கும் வேறுபடும். விண்ணப்பத்தை ஆணையத்தின் இணையதளம் வழியாக அனுப்ப வேண்டும். நிரந்தரக் கணக்கு எண் அட்டை, தொழில் நடத்தும் இடத்துக்கான முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவை அடிப்படை ஆவணங்கள். நிறுவனமாக இருந்தால் கூட்டு ஒப்பந்தம் அல்லது கம்பெனிப் பதிவு ஆவணங்களோடு, பங்குதாரர்கள் அல்லது இயக்குநர்களின் விவரங்களும் படங்களும் தர வேண்டும்.

விண்ணப்பத்தை நிராகரிப்பதாக இருந்தால் ஆணையம் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பதாரரின் தரப்பைக் கேட்டாக வேண்டும். விதிகளில் சொன்ன கெடுவுக்குள் ஆணையம் எந்தப் பதிலும் தராவிட்டால் பதிவு கிடைத்ததாகவே கொள்ளப்படும். அலுவலகத் தாமதத்தால் ஒருவரின் பிழைப்பு கெடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு அந்த மாநிலம் முழுவதற்கும் போதும், ஆனால் எல்லை தாண்டாது. ஓசூரில் அலுவலகம் வைத்திருப்பவர் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு திட்டத்தில் வீடு விற்றுக் கொடுத்தால் கர்நாடகப் பதிவு வேண்டும். கடலூர்க்காரர் பாகூரில் மனை காட்டினால் புதுச்சேரிப் பதிவு வேண்டும். எல்லையோர ஊர்களில் தொழில் தொடங்குபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

எண் கிடைத்த பிறகு

பதிவு எண் வந்ததும் அதை அலுவலகத்தில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். விளம்பரத்திலும் விற்பனை தொடர்பான தாள்களிலும் குறிப்பிட வேண்டும். முகவரின் கடமைகளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யப்படாத திட்டத்தில் எதையும் விற்றுத் தரக் கூடாது. கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் முறையாக வைத்திருக்க வேண்டும். இல்லாத ஒப்புதல் இருப்பதாகச் சொல்லக் கூடாது. தரப்போகாத வசதியை விளம்பரப்படுத்தக் கூடாது. முன்பதிவு செய்யும் நேரத்தில், வாங்குபவர் பெற வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குப் போய்ச் சேர உதவ வேண்டும்.

கடைசிக் கடமைதான் கனமானது. 'மெட்ரோ வரப்போகிறது', 'பக்கத்தில் ஐடி பார்க் வருகிறது', 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகிய தொழிலில், இனி தாளில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சுவருக்குள் புழங்கும் பரப்பு எவ்வளவு, மாடிப்படி, நடைவழி போன்ற பொது இடங்களைச் சேர்த்துச் சொல்லும் பரப்பு எவ்வளவு, நிலத்தில் வாங்குபவருக்கு வரும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியாக விளக்க வேண்டும். 1,200 சதுர அடி வீடு என்று கேட்டு வந்தவர் உள்ளே அளந்து பார்த்து 850 அடியைக் கண்டு திகைப்பது இந்த மூன்றையும் யாரும் பிரித்துச் சொல்லாததால்தான்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணமாக வாங்க வேண்டுமானால், திட்டத்தை நடத்துபவர் அதற்கு முன் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. 'இன்று பாதிப் பணம் கட்டினால் சதுர அடிக்கு 200 ரூபாய் குறைப்பு' என்ற சலுகையை எடுத்துக்கொண்டு அலையும் முகவர், தம் பெயரையும் எண்ணையும் அந்த மீறலோடு சேர்த்துக்கொள்கிறார்.

பதிவு இல்லாமல் தொழில் செய்தாலோ 10ஆம் பிரிவை மீறினாலோ, மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அது சேர்ந்து சேர்ந்து, விற்றுத் தந்த சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். 30 லட்சம் ரூபாய் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 சதவீதத் தரகு என்றால் முகவருக்கு 60,000 ரூபாய். அபராதம் தொடங்கினால் ஆறாம் நாளே அந்தத் தரகு முழுவதும் தீர்ந்துவிடும். பதினைந்தாம் நாள் அது 1,50,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொடும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் தனி அபராதம் உண்டு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. பொய்த் தகவல் தந்தோ மோசடி செய்தோ பெற்ற பதிவை ஆணையம் ரத்து செய்யலாம், சில காலம் நிறுத்தியும் வைக்கலாம்.

பத்திரம் படிக்கும் கல்வி

பதிவுச் சான்று கையில் வந்த அன்று, ஒரு புதிய முகவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை யாரும் கற்றுத் தரப்போவதும் இல்லை. பழைய பத்திர எழுத்தர் ஒருவர் பக்கத்தில் சில மாதம் உட்கார்ந்தவருக்கும் உட்காராதவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் சிக்கலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கற்க வேண்டியது ஒரு சொத்து கைமாறி வந்த வரலாற்றைத் தொடராகப் படிப்பது. இன்றைய உரிமையாளரின் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போய்த் தாய்ப்பத்திரம் வரை எங்கும் கண்ணி அறுந்திருக்கக் கூடாது. அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்க விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். அதில் வில்லங்கம் இல்லை என்று வந்தால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவு செய்யப்பட்டவை மட்டுமே. பதியாத உயிலும், பதியாத குடும்ப ஏற்பாடும் அதில் வராது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கும் வராமல் போகலாம். தேடிய ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தவையும் வராது.

பட்டாவைப் பற்றியும் இதே போன்ற மயக்கம் இருக்கிறது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேட்டிலிருந்து வருவது. அது மட்டுமே உரிமைக்குச் சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 1979இல் தொடங்கி 1980களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர்கள் மாறிப் பதிவானதும் உட்பிரிவுகள் குழம்பியதும் உண்டு. 'யுடிஆர் பிழை' என்று இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் மனுக்கள் குவிவது அதனால்தான். பத்திரத்தில் ஒரு பரப்பும் பட்டாவில் வேறொரு பரப்பும் இருந்தால், புலப்படத்தை எடுத்துக்கொண்டு நில அளவரோடு களத்தில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அளவுச் சொற்களும் ஊருக்கு ஊர் ஏமாற்றும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது எங்கும் மாறாது. குழி அப்படி அல்ல. காவிரிப் படுகையில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். வேறு வட்டாரங்களில் அதே சொல்லுக்கு வேறு கணக்கு.

விற்கவே கூடாத நிலங்களை அடையாளம் காண்பது அடுத்த படி. கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம், நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவை எப்படியாவது தனியார் பெயரில் பத்திரமாகி விற்பனைக்கு வருவதுண்டு. பஞ்சமி நிலம் இவற்றில் தனிக் கவனம் வேண்டுவது. 1892ஆம் ஆண்டின் அரசாணையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் அது. அம்மக்களுக்கு வெளியே அதை விற்க முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தோடு ஒட்டியே இருக்கும். தெரியாமல் முடித்துக் கொடுத்த முகவர், வாங்கியவரின் பணத்தோடு இன்னொரு குடும்பத்துக்கு உரிய நிலத்திலும் கை வைத்தவராகிறார்.

பூர்வீகச் சொத்தில் பெண்களின் பங்கு இன்னொரு பொறி. தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு தந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை நாடு முழுவதும் விரிவாக்கியது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்திட்டு விற்ற பூர்வீக நிலத்துக்குப் பத்தாண்டு கழித்து அக்காளின் பிள்ளைகள் வழக்குப் போடுவது அரிய நிகழ்ச்சி அல்ல. 'பொம்பளப் பிள்ளைங்களுக்கு அப்பவே நகை போட்டாச்சு' என்ற பேச்சு பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றைக் கேட்டு, அதிலுள்ள ஒவ்வொருவரின் சம்மதத்தையும் விடுதலைப் பத்திரமாகவோ கையெழுத்தாகவோ பார்க்கும் வரை முகவர் முன்பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

பொது அதிகாரப் பத்திரம் வைத்து விற்பவர் வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. பொதுவாக, அவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும். அதிகாரப் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் சொத்து கைமாறியதாக ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இவற்றில் ஒன்றைக் கூட முகவர் முடிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சட்டக் கருத்துத் தருவது வழக்கறிஞரின் வேலை. எந்தத் தாள் குறைகிறது என்று கண்டு, வாங்குபவரை உரிய நேரத்தில் வழக்கறிஞரிடம் அனுப்புவது முகவரின் வேலை. பேரம் கெட்டுவிடுமே என்று அந்த ஒரு வாரத்தைத் தவிர்க்கும் முகவர்கள்தான் இத்தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள்.

தரகுப் பணம்

தரகு எவ்வளவு என்று ரெரா சட்டம் நிர்ணயிக்கவில்லை. தமிழ்நாட்டு வழக்கத்தில் விற்பனைக்கு 1 முதல் 2 சதவீதம், வாடகைக்கு ஒரு மாத வாடகை என்று பேசிக்கொள்கிறார்கள். இரு தரப்பிலும் வாங்குவது சாதாரணம். எழுத்தில் எதுவும் இல்லாமல் பேசுவதால், பத்திரப் பதிவு முடிந்த மாலையே தகராறு தொடங்கிவிடும். 'ஆளைக் காட்டியது நான்', 'விலை பேசி முடித்தது நான்' என்று இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது என்று ஒரு பக்கத் தாளில் முன்பே எழுதிக்கொள்ளும் முகவர்கள் இன்னும் சிலர்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'மேல் வைத்து' விற்பது. உரிமையாளர் 40 லட்சம் போதும் என்கிறார். தரகர் வாங்குபவரிடம் 46 லட்சம் சொல்லி, 6 லட்சத்தைத் தம் பையில் போட்டுக்கொள்கிறார். இதை ஊரில் சாமர்த்தியம் என்பார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. முகவராக இருப்பவர், தம்மை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அந்த வேலையில் தமக்கென்று ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தைக் கேட்டு வாங்கும் உரிமை அமர்த்தியவருக்கு உண்டு. ரெராவுக்கு உட்படாத பழைய வீட்டு விற்பனைக்கும் இந்த விதி பொருந்தும்.

வரிக் கணக்கும் முகவர் வேலையின் பகுதியே. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு சேவை வரியில் பதிய வேண்டும், தரகுக்கு 18 சதவீதம் வரி வசூலித்துக் கட்ட வேண்டும். அசையாச் சொத்து விற்பனையில் முன்பணமாகவோ வேறு வகையிலோ 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கக் கட்டை எண்ணிக் கொடுத்து 'டோக்கன்' போடும் வழக்கம் விற்பவரைத்தான் தண்டனையில் மாட்டிவிடும்.

தொடக்கத்தில் வருமானம் ஒழுங்காக வராது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பேரம் முடிய மாதங்கள் ஆகும். பத்துப் பேருக்குக் காட்டினால் ஒருவர் வாங்கினாலும் வாங்கலாம். இடையில் பெட்ரோல், கைபேசி, தேநீர்ச் செலவுகள் கைக்காசிலிருந்தே போகும். அந்த வறட்சிதான் புதியவரை ஆவணம் சரியில்லாத மனைப் பக்கம் தள்ளுகிறது.

தேர்வு வைக்கும் இடங்கள்

பதிவு மட்டும் போதாது என்ற எண்ணம் இந்தியாவிலேயே செயலுக்கு வந்திருக்கிறது. மகாராஷ்டிர ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே பதிவு பெற்றவர்களும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று.

தமிழும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில் ஏற்பாடு இன்னும் இறுக்கமானது. 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சொத்து முகவர் மன்றம் அங்கே தொழிலை மேற்பார்வை செய்கிறது. 21 வயது நிரம்பியவராகவும் குறிப்பிட்ட பள்ளித் தேர்ச்சி பெற்றவராகவும் இருந்து, பயிற்சி முடித்துத் தேர்வில் வென்று, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்த பிறகுதான் பதிவு கிடைக்கும். ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருக்க முடியாது. சொத்து விற்பனைப் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலைக் கூடவே நடத்த முடியாது. தமிழ்நாட்டில் ஒரே தரகர் இரு தரப்பிலும் தரகு வாங்கி, முன்பணத்தைத் தம் சட்டைப் பையில் வைத்திருந்து, தேவைப்பட்டால் மீதிக்கு வட்டிக்கும் ஏற்பாடு செய்து தருவதோடு இதை ஒப்பிட்டால், அங்கு தடுக்கப்பட்டவை எல்லாம் இங்கு சேவையாகக் கருதப்படுவது தெரியும்.

எண்ணைச் சரிபார்ப்பது

பதிவு பெற்ற முகவர்கள், பதிவு பெற்ற திட்டங்கள் ஆகிய இரண்டின் பட்டியலும் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு எண்கள். தமிழ்நாட்டில் முகவர் எண்ணில் 'ஏஜென்ட்' என்ற சொல் இருக்கும். திட்ட எண்ணில் 'லேஅவுட்' அல்லது 'பில்டிங்' என்று இருக்கும். துண்டறிக்கையில் முகவர் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, திட்ட எண்ணை விட்டுவிட்டால், பார்ப்பவர் அதையே மனைக்கான ஒப்புதல் என்று நினைத்துவிடுவார். முகவர் பதிவு பெற்றவராக இருந்தாலும் அவர் காட்டும் திட்டம் பதிவு பெறாததாக இருக்கலாம். அப்படியானால் அதைக் காட்டியதே அவர் செய்த மீறல்.

முகவர் மீது புகார் இருந்தால், பாதிக்கப்பட்டவர் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி நேரடியாக ஆணையத்தில் முறையிடலாம். திட்டத்தை நடத்துபவர் மீது செய்வதைப் போலவே முகவர் மீதும் புகார் செய்யலாம் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆணையத்தின் உத்தரவு திருப்தி தராவிட்டால் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புகாரோடு முன்பதிவு ரசீது, பணம் செலுத்திய வங்கி விவரம், விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸப்பில் வந்த வாக்குறுதிகள் ஆகியவற்றின் நகல்களை இணைப்பது பயன்படும். மனை காட்ட அழைத்துப்போன அன்று வாங்கிய துண்டறிக்கையைப் பத்திரம் பதிவாகும் வரை வைத்திருப்பவர்கள் குறைவு. விசாரணையில் முதலில் தேடப்படும் தாள்களில் அதுவும் ஒன்று.